சட்டைக்குக் கஞ்சி போடலாமா? அக்காவின் டிப்ஸ்

தம்பி, லாண்டரியில் "கஞ்சி போட்டுடலாமா?" என்று கேட்டதும் தலையாட்டிவிட்டு வந்துவிடாதே. புது வேலை, வாரம் முழுக்க முழுக்கைச் சட்டை, காலையில் ஆவடி ஸ்டேஷனில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறி அம்பத்தூரில் இறங்குகிறவன் நீ. போட்டுக்கொண்டு கிளம்பும்போது இருக்கிற சட்டை சாயங்காலமும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம்தான். அந்த ஆசைக்குக் கஞ்சி எவ்வளவு உதவும், எங்கே கெடுக்கும் என்று தெரிந்துகொண்டு காசைக் கொடு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீஸுக்குப் போடுகிற அன்றாடச் சட்டைக்குக் கஞ்சி வேண்டாம். முழுப் பருத்தி வெள்ளைச் சட்டை, கதர், கைத்தறி, வேட்டி, இவற்றுக்குப் போடு. அதையும் மெலிசாகப் போடு. இன்றோ நாளையோ உடுத்தப்போகிறாய் என்றால் மட்டும் போடு. மற்றபடி உனக்கு வேண்டியது நல்ல இஸ்திரி. மடிப்பு நிற்பதில் முக்கால் பங்கு வேலையைச் செய்வது ஈரமும் சூடும் அழுத்தமும்தான். கஞ்சி அதற்குப் பின்துணை.

உனக்கு ஏன் இந்த மொடமொடப்பு மேல் மோகம் என்று எனக்குத் தெரியும். பருத்திப்பட்டிலிருந்து ஆவடி போகிற வழியில் எந்த அயர்ன் கடையை எட்டிப் பார்த்தாலும் சீருடை தொங்கும். ராணுவத்துக்கு உடை தைக்கிற ஓ.சி.எஃப். 1961இலிருந்து இங்கே இருக்கிறது. டாங்க் செய்கிற எச்.வி.எஃப்., விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப்., சிறப்புக் காவல்படை என்று வரிசையாக இருக்க, 2022இல் ஆவடிக்கென்று தனி போலீஸ் கமிஷனரகமும் வந்துவிட்டது. கத்தி மாதிரி மடிப்பு நிற்கிற காக்கியையும் நீலத்தையும் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த பையனுக்கு, நேர்த்தி என்றாலே விறைப்பு என்று மனதில் பதிந்துபோவது இயல்பு.

ஆனால் அந்த உடைகளைக் கொஞ்சம் தொட்டுப் பார். அந்தக் காலத்துக் கான்ஸ்டபிள்களின் காக்கி அரை டிரவுசர் கெட்டிப் பருத்தி. கஞ்சியில் முக்கி எடுத்துத் தேய்த்ததும் தனியாக நிற்கும். இன்றைய சீருடைத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது. அதில் நிற்கிற மடிப்பு, சூட்டாலும் அழுத்தத்தாலும் பதிந்த மடிப்பு. நீ அவர்களைப் பார்த்துக் கஞ்சி கேட்கிறாய். அவர்களில் பல பேர் சட்டைக்குக் கஞ்சியே போடுவதில்லை.

கஞ்சி துணியில் என்ன செய்கிறது?

கஞ்சி என்பது மாவுச்சத்து. அரிசி, ஜவ்வரிசி, மக்காச்சோள மாவு, எதில் காய்ச்சினாலும் அடிப்படை ஒன்றுதான். தண்ணீரில் சூடேறும்போது, கிட்டத்தட்ட 60 முதல் 80 டிகிரிக்குள், மாவுத்துகள்கள் ஊதி வெடித்துப் பசையாகிவிடும். அந்தப் பசை நூலுக்கும் நூலுக்கும் இடையிலும், நூலுக்குள் இழைகளுக்கு இடையிலும் போய் உட்காரும். மேலே சூடான பெட்டி ஓடியதும் காய்ந்து மெல்லிய படலமாகிவிடும். கையில் பிடிக்கிற விறைப்பு அந்தப் படலத்தின் விறைப்பு.

இதில் உண்மையான நன்மை உண்டு, அதை மறைக்க மாட்டேன். நூலில் சிலிர்த்து நிற்கிற பிசிறுகளைக் கஞ்சி படிய வைக்கும். அதனால் கதரும் கைத்தறியும் ஒரே தேய்ப்பில் வேறு துணி மாதிரி ஆகிவிடும். ரயில் தூசியும் கழுத்து எண்ணெயும் நேராக இழைக்குள் போகாமல் அந்தப் படலத்தின் மேல் தங்கும். அடுத்த சலவையில் கஞ்சி கரையும்போது அழுக்கும் சேர்ந்து போய்விடும். வெள்ளைச் சட்டைக் கைமடிப்பில் அழுக்குக் கோடு விழுவது இதனால் கொஞ்சம் குறையும். நம் பெரியவர்கள் வெள்ளைத் துணிக்குத் தவறாமல் கஞ்சி போட்டதற்கு அழகு பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

இப்போது கெடுதல். நம் ஊர்க் காற்றில் எப்போதும் ஈரம். மாவுச்சத்துக்கு ஈரத்தை இழுத்துக்கொள்கிற குணம். அப்பளம் டப்பாவுக்கு வெளியே இருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் கஞ்சிச் சட்டைக்கும் நேரும். காலை ஏழு மணிக்கு மொடமொடவென்று இருந்த முதுகு, ரயில் பெட்டியிலிருந்து இறங்கும்போது வியர்வையில் நமுத்துப்போய், கசங்கின இடத்திலேயே மறுபடி காய்ந்து, கஞ்சி போடாத சட்டையைவிடக் கூர்மையான சுருக்கங்களோடு நிற்கும். ஏசி அறையிலேயே ஏறி ஏசி அறையிலேயே இறங்குகிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. உன் வழி அது இல்லை.

துணியின் இடைவெளிகளைக் கஞ்சி அடைப்பதால் காற்றோட்டமும் குறையும். அக்னி நட்சத்திரத்தில் முழுக்கைக் கஞ்சிச் சட்டை போட்டுப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். காலரின் விளிம்பு வியர்வைக் கழுத்தில் உராய்ந்து சிவப்பது இன்னொன்று. உனக்கு ஏற்கெனவே கழுத்தில் வேர்க்குரு வருகிறது. உனக்கு நான் கஞ்சிக் காலரைச் சொல்லவே மாட்டேன்.

ஆயுள் விஷயமும் உண்டு. விறைத்த துணி வளைந்து கொடுக்காது. காலர் மடிகிற கோடு, முழங்கை, கைமடிப்பு விளிம்பு, இந்த மூன்று இடத்திலும் ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப மடிந்து நூல் அறும். நல்ல சட்டை ஒன்று காலரில் மட்டும் கிழிந்து, மற்ற இடமெல்லாம் புதிதாக இருந்தால், அடிக்கடி போட்ட கெட்டிக் கஞ்சியையும் அதிகச் சூட்டையும் சந்தேகப்படு.

எந்தச் சட்டைக்கு, எதற்கு வேண்டாம்

லேபிளைப் படி. 100 சதவீதம் காட்டன் என்று இருந்தால் கஞ்சி பிடிக்கும். 'காட்டன் ரிச்' என்று இருந்தால் அது கலப்புத் துணி, ஏமாறாதே. லேபிள் கிழிந்துபோன சட்டை என்றால் உள்தையலிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பார். பருத்தி காகிதம் மாதிரி எரியும், காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் ஊதினால் பறக்கும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டும் கலந்து நடந்தால் இரண்டும் கலந்த துணி.

பாலியஸ்டர் தண்ணீரையே உறிஞ்சாது, கஞ்சியை எப்படி உறிஞ்சும்? மேலோடு ஒட்டிக்கொண்டு, பிறகு வெள்ளைப் பொடியாக உதிரும். கறுப்பு பேன்ட்டுக்குள் செருகினாய் என்றால் இடுப்பைச் சுற்றி மாவு தெரியும். இன்னொரு சிக்கல் சூட்டில் இருக்கிறது. லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் புள்ளிகள் போட்டிருப்பார்கள். ஒரு புள்ளி என்றால் 110 டிகிரிக்கு மேல் போகாதே, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. கஞ்சி நன்றாகப் படிய மூன்று புள்ளிச் சூடு வேண்டும். கலப்புத் துணி தாங்குவது இரண்டு. அங்கேயே பொருத்தம் தவறிவிடுகிறது.

'ரிங்கிள் ஃப்ரீ' சட்டைகளை ஏற்கெனவே ஆலையில் ரசாயனப் பிசின் ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். அதன் மேல் கஞ்சி வீண். லினன் சட்டைக்கு வேண்டவே வேண்டாம். லினன் இழை தானாகவே விறைப்பு, ஒரே இடத்தில் மடித்து மடித்துத் தேய்த்தால் முறியும். கருநீலம், கறுப்பு, மெரூன் போன்ற அடர் நிறங்களில் காய்ந்த கஞ்சி திட்டுத்திட்டாகத் தெரியும். பட்டுச் சட்டை பக்கமே கஞ்சியைக் கொண்டுபோகாதே.

மிச்சம் என்ன? உன் அலமாரியில் அந்த முழுப் பருத்தி வெள்ளைச் சட்டை, அப்பா கொடுத்த கதர்ச் சட்டை, கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற வேட்டி. அவ்வளவுதான்.

காலரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் காலருக்காகத்தான் கஞ்சி கேட்கிறார்கள். இப்போது கடையில் வாங்குகிற பெரும்பாலான ஆபீஸ் சட்டைகளின் காலருக்குள் ஒரு உள்துணி இருக்கும். டெய்லர்கள் கேன்வாஸ் என்று சொல்வது அதைத்தான். பசை பூசிய அந்தத் துணியைச் சூட்டில் அழுத்தி மேல்துணியோடு ஒட்டியிருப்பார்கள். விறைப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதன்மேல் கஞ்சி போட்டு அதிகச் சூட்டில் இழுத்துத் தேய்த்தால், ஒட்டு விட்டுப்போய்க் காலர் மேல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அப்படி எழும்பின காலரைச் சரிசெய்ய வழி கிடையாது. காலர் நுனி மேலே சுருண்டு நிற்கிறதே என்றால், உள்ளே செருகுகிற பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா என்று பார். துவைப்பதற்கும் தேய்ப்பதற்கும் முன்னால் அதை உருவி எடுத்துவிடு, பிறகு மறுபடி செருகு.

வீட்டுக் கஞ்சி காய்ச்சுகிற முறை

கஞ்சி போடுவதாக முடிவு செய்துவிட்டால் வீட்டிலேயே போடு. நிறையப் பேருடைய சட்டைகளை ஒரே தொட்டியில் முக்கி எடுக்கிற இடத்தில் உன் ஒரு சட்டைக்கு மட்டும் தண்ணியாகக் கலந்து தரமாட்டார்கள்.

சோறு வடிக்கிற வீடாக இருந்தால் வடிகஞ்சி போதும். ஆனால் இரண்டு நிபந்தனை: உப்புப் போடாமல் வடித்ததாக இருக்க வேண்டும், அன்றைக்கே வடித்ததாக இருக்க வேண்டும். புளித்த கஞ்சியின் வாடை துணியை விட்டுப் போகாது. வெயிலில் காய்ந்தபின் தெரியாது, வியர்த்ததும் கிளம்பும். குக்கர் வைக்கிற வீட்டில் ஜவ்வரிசிதான் என் முதல் தேர்வு. சேலம் பக்கம் மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்கிறார்களே, அதேதான். அரிசிக் கஞ்சியைவிடத் தெளிவாக வரும், வெள்ளையில் திட்டு விழாது.

ஒரு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை ஒரு மணி நேரம் ஊறவை. அரை லிட்டர் தண்ணீரில் போட்டு, அடியில் பிடிக்காமல் கிளறிக்கொண்டே, மணிகள் கண்ணாடியாகிக் கரைகிற வரை காய்ச்சு. பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழி. வடிகட்டாமல் ஊற்றினால் ஒரு சின்னக் கட்டி போதும், பெட்டி அதன்மேல் ஓடினதும் பழுப்புப் பொட்டாகிவிடும். வடிகட்டினதோடு சாதாரணத் தண்ணீர் சேர்த்து மொத்தம் இரண்டு லிட்டராக்கு. சட்டைக்கு இந்தப் பதம். வேட்டி நிற்க வேண்டும் என்றால் ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொள். விரல் முக்கி எடுத்தால் லேசாக வழுக்க வேண்டும், ஒட்டக் கூடாது.

ஜவ்வரிசி இல்லையென்றால் மக்காச்சோள மாவு. அதைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற தண்ணீரில் ஊற்றிக் கிளறு. அளவு அதேதான். மைதாக் கஞ்சி சுவரொட்டிக்குச் சரி, சட்டைக்குச் சொல்ல மாட்டேன். மஞ்சளடிக்கும், பூச்சியும் வரும். கடையில் பொடியாகவும் திரவமாகவும் விற்கிறதை வாங்கினால் பாக்கெட்டைப் படி. சில திரவங்களில் மாவுச்சத்தே இருக்காது, செயற்கைப் பசைதான். அது ஒரு சலவையில் முழுக்கப் போகாது, சலவைக்குச் சலவை ஏறிக்கொண்டே இருக்கும்.

கஞ்சிக்கு முன்னால் அலசுவதில்தான் பாதி வேலை. சோப்புத்தூள் மிச்சம் இருக்கிற துணியில் கஞ்சி போட்டுச் சூடு காட்டினால் வெள்ளை மஞ்சளாகிவிடும். நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு, சோப்பும் சுலபத்தில் போகாது. தண்ணீரில் வழவழப்பு போகிற வரை அலசு. கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் ஒரு வாளி ஒதுக்கு. உங்கள் குழாயடியில் செம்பழுப்புக் கறை படிகிறதென்றால் தண்ணீரில் இரும்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் பிளீச் ஊற்றாதே, வெளுப்பதற்குப் பதில் துரு நிறம் ஏறும். சொட்டு நீலத்தை ஒரு குவளையில் கரைத்து, பிறகு வாளியில் ஊற்றிக் கலக்கி, அதன் பிறகுதான் துணியைப் போட வேண்டும். துணி மேல் நேராகச் சொட்டினால் அந்தப் புள்ளியோடு வாழ வேண்டியதுதான்.

சட்டையைப் பிழிந்து ஈரமாக இருக்கும்போதே கஞ்சியில் முக்கு. காய்ந்த துணி ஒரு இடத்தில் அதிகமாகவும் ஒரு இடத்தில் குறைவாகவும் குடிக்கும். இரண்டு மூன்று தரம் அமுக்கி எடுத்து, லேசாகப் பிழிந்து, நன்றாக உதறி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிக் கொடியில் போடு. வெள்ளை என்றால் வெயில், நிறம் என்றால் நிழல்.

நேரமில்லாத நாளுக்கு ஒரு சுருக்கு வழி: ஒரு தேக்கரண்டி மக்காச்சோள மாவை அரை லிட்டரில் காய்ச்சி ஆறவைத்துத் தெளிப்பு பாட்டிலில் ஊற்று. பட்டன் பட்டியிலும் கைமடிப்பிலும் மட்டும் ஒரு முழத் தூரத்திலிருந்து தெளி. தெளித்த உடனே தேய்க்காதே, அது துணிக்குள் இறங்க ஒரு நிமிஷம் கொடு. இறங்காத கஞ்சிதான் பெட்டியில் ஒட்டி, செதிலாக உதிர்கிறது. மிச்சத்தை அன்றைக்கே கொட்டிவிடு.

இஸ்திரிதான் உயிர்

காந்தியின் 'சத்திய சோதனை'யில் இதற்கென்றே ஒரு சம்பவம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வக்கீல் தொழில் செய்தபோது சலவைச் செலவு கட்டுப்படியாகவில்லை, துணியும் சொன்ன நாளில் வரவில்லை. புத்தகம் வாங்கிப் படித்துத் தானே துவைக்க ஆரம்பித்தார். தான் துவைத்த முதல் காலரில் கஞ்சி அளவுக்கு மேல் போய்விட்டது. பெட்டியில் சூடு போதவில்லை. கருகிவிடுமோ என்ற பயத்தில் அழுத்தியும் தேய்க்கவில்லை. கோர்ட்டில் நிற்கும்போது காலரிலிருந்து கஞ்சி உதிர்ந்துகொண்டே இருக்க, கூட இருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் அசரவில்லை. விடாமல் பழகித் தேறினார். 1912இல் கோபால கிருஷ்ண கோகலே தென்னாப்பிரிக்கா வந்தபோது, தன் குருவான ரானடே தனக்குப் பரிசாகக் கொடுத்த அங்கவஸ்திரத்தை ஜோஹானஸ்பர்க் விருந்துக்கு உடுத்த நினைத்தார், அது கசங்கியிருந்தது. அதைத் தேய்த்துக் கொடுத்தவர் காந்திதான், கோகலேயும் மெச்சினார்.

கஞ்சி அதிகம், சூடு குறைவு, அழுத்தம் இல்லை. இன்றைக்கும் வீட்டில் கஞ்சிச் சட்டை கெடுகிறது என்றால் இந்த மூன்றில் ஒன்று இருக்கும். பழைய கைவினைஞர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய சீட்டித் துணிகளுக்கு அரிசிக் கஞ்சி ஏற்றி, பிறகு சங்கு மாதிரி வழுவழுப்பான பொருளால் அழுத்தித் தேய்த்தார்கள். பளபளப்பு அந்தத் தேய்ப்பிலிருந்துதான் வந்தது.

பருத்தி ஏன் கசங்குகிறது என்று புரிந்துகொண்டால் தேய்ப்பது எளிது. இழைகளுக்குள் இருக்கிற பிணைப்புகளை ஈரம் தளர்த்தும். ஈரம் போகும்போது துணி எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே பிணைப்புகள் மறுபடி பிடித்துக்கொள்ளும். அதனால்தான் காய்ந்து முறுகின சட்டையை எவ்வளவு அழுத்தினாலும் சுருக்கம் போகாது, ஈரப்பதமான சட்டை ஒரே இழுப்பில் படியும். கொடியிலிருந்து முக்கால் காய்ச்சலில் எடு. முழுக்கக் காய்ந்துவிட்டதென்றால் தண்ணீர் தெளித்து இறுகச் சுருட்டி அரைமணி வைத்திரு, ஈரம் சமமாகப் பரவட்டும். பிறகு தேய். கஞ்சி போட்டாலும் போடாவிட்டாலும் இது பொது.

காலரை முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம். நுனியிலிருந்து நடுவுக்குக் கொண்டுவா. நடுவிலிருந்து நுனிக்குத் தள்ளினால் உபரித் துணி நுனியில் சேர்ந்து சுருங்கி நிற்கும். அடுத்து தோள்பட்டை, கைமடிப்பு, கை, பட்டன் பட்டி, முன்பக்கம், கடைசியில் முதுகு. பட்டன் பட்டியை உள்பக்கமாகத் திருப்பி, அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டுத் தேய்த்தால் பட்டன்கள் துண்டில் புதைந்துகொள்ளும், துணி சமமாக வரும். காலரில் பெட்டியை வைத்து அழுத்தி எடு, இழுக்காதே. தேய்த்து முடித்த சட்டையைச் சூடு ஆறுகிற வரை ஹேங்கரில் விடு. சூட்டோடு போட்டுக்கொண்டு ஓடுகிறாயே, அந்த ஐந்து நிமிஷ அவசரத்தில்தான் முதல் கசங்கல் விழுகிறது.

கஞ்சித் துணி தேய்த்த பெட்டியின் அடியில் பழுப்பு ஏறும். பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத் துணியால் துடைத்துவிடு. இல்லையென்றால் அடுத்த வெள்ளைச் சட்டையில் அது இறங்கும். சட்டையில் லேசான பழுப்பு விழுந்தாலும் பதறாதே. பல நேரம் கருகியிருப்பது மேலே இருக்கிற கஞ்சி மட்டும்தான். ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போட்டால் போய்விடும். இழையே கருகியிருந்தால் போகாது.

தெருமுனை அயர்ன் வண்டி அண்ணனிடம் கொடுத்தால் என் மனம் இன்னும் நிம்மதி. வீட்டு மின்பெட்டி ஒன்றிரண்டு கிலோதான். அவருடைய கரிப்பெட்டி அதைப்போல் பல மடங்கு கனம். நீ தோளால் தர முடியாத அழுத்தத்தை அந்தப் பெட்டி தன் எடையாலேயே தரும். ஆனால் கரிப்பெட்டியில் சூட்டைக் குறைக்கிற திருகு கிடையாது. ஈரத் துணியில் வைத்துப் பார்த்து அவர் கணிக்கிறார். அதனால் கலப்புத் துணிச் சட்டையைக் கொடுக்கும்போது "அண்ணே, இது பாலியஸ்டர் கலந்தது, சூடு குறைஞ்சதும் கடைசியா போடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லு. பருத்தியையும் கலப்பையும் தனித்தனிக் கட்டாகக் கொடுத்தால் அவருக்கும் சுலபம். காலருக்குக் கஞ்சி வேண்டாம் என்றும் சொல்லிவிடு. துணியைத் தொட்டதும் ரகம் சொல்கிற அனுபவம் அவருக்கு உண்டு. அவர் வேண்டாம் என்று சொன்னால் நீ வற்புறுத்தாதே. கொடுக்கிற காசில் பேரமும் பேசாதே. அடுப்பு வெக்கையில் நாள் முழுக்க நிற்கிற வேலை அது.

எடுத்து வைக்கும்போது

கஞ்சி போட்ட துணியை அலமாரியில் மாதக்கணக்கில் வைக்காதே. இதை எல்லோருக்கும் சொல்கிறேன், வேட்டிக்கும் காட்டன் புடவைக்கும் சேர்த்து. மாவுச்சத்து பூச்சிக்குச் சாப்பாடு. ராமபாணப் பூச்சியும் கரப்பானும் கஞ்சியைத் தேடி வந்து, கஞ்சியோடு நூலையும் அரித்துவிட்டுப் போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில், அதுவும் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற நம் வீடுகளில், சுவரெல்லாம் ஓதம் ஏறும். அந்த ஈரத்தில் கஞ்சித் துணியில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை விழும். வெள்ளை வேட்டியில் விழுந்த அந்தப் புள்ளியை எடுக்க ஆரம்பித்தால் துணி நைந்துவிடும், புள்ளி போகாது. பழைய துணிகளைப் பாதுகாக்கிற அருங்காட்சியகங்களிலும் கஞ்சியை அலசி எடுத்துவிட்டுத்தான் வைக்கச் சொல்வார்கள். வசம்பும் வேப்பிலையும் வைத்தால் ஆகாதா என்று கேட்பாய். வை, வேண்டாம் என்று சொல்லவில்லை; ஆனால் சாப்பாட்டை உள்ளே வைத்துவிட்டு வாசலில் வேப்பிலை கட்டுவதில் அர்த்தமில்லை.

முறை சுலபம். விசேஷம் முடிந்து வந்ததும் வேட்டியையும் வெள்ளைச் சட்டையையும் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி ஊறவை. கஞ்சி இளகிக் கரைந்துவிடும். என்சைம் என்று போட்ட சோப்புத்தூள் சிலவற்றில் மாவுச்சத்தைக் கரைக்கிற என்சைமும் சேர்ந்திருக்கும். பழைய கஞ்சி ஏறிப்போன துணிக்கு அது நல்லது. நன்றாக அலசிக் காயவைத்து, கஞ்சி இல்லாமல் மடித்து வை. அடுத்த கல்யாணத்துக்கு முந்தின நாள் கஞ்சி போட்டுக்கொள்.

இப்போது லாண்டரியில் கஞ்சி போட்டு வாங்கி வந்து அடுக்கியிருக்கிறாயே அந்தச் சட்டைகள், அவற்றையும் இப்படியே ஒரு தரம் ஊறவைத்து அலசு. இரண்டு சலவையில் துணி பழைய மென்மைக்கு வந்துவிடும். அடுத்த வாரத்திலிருந்து லாண்டரியில் கேட்டால், "கஞ்சி வேண்டாம், ஈரத்திலேயே தேய்த்து ஹேங்கரில் கொடுங்கள்" என்று சொல். மடித்துப் பாலித்தீன் உறையில் போட்டுக் கொடுத்தால் வீட்டுக்கு வந்ததும் உறையைக் கழற்றிவிடு, உள்ளே ஈரம் நிற்கக் கூடாது.

இன்னும் ஒன்று. வாஷிங் மெஷினில் கஞ்சியை ஊற்றாதே. டிரம்முக்குப் பின்னால் படிந்து நாறும். அடுத்துப் போடுகிற உள்ளாடை வரைக்கும் எல்லாத் துணியிலும் ஏறும். வாளியில் போட்டு எடு. எப்போதாவது மெஷினில் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், அடுத்த ஓட்டத்தைத் துணியில்லாமல் வெந்நீரில் ஓடவிட்டு, ரப்பர் வளையத்தைத் துடைத்துவிட்டுக் கதவைத் திறந்து வை.